பள்ளிக்கூடத்துக்குள் ஸ்டெம்: யாழ்ப்பாணத்து அதிபர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விஞ்ஞான ஆசிரியராக இருந்து, அதிபராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது வலிகாமம், வடமராட்சி, தீவகம் என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போய் ஸ்டெம் கல்வி பற்றி அதிபர்களோடு பேசுகிறேன். எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டெம் என்பது புதுப் பாடமா?

இல்லை. விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த சொல். அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றத்தில் 1990களில் இதை ‘ஸ்மெட்’ என்றுதான் சொல்லிவந்தார்கள். 2001 இல் எழுத்துகளை மாற்றிப்போட்டு ‘ஸ்டெம்’ ஆக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, வேறொன்றுமில்லை.

எங்கள் நேரசூசியில் இந்த நான்கும் ஏதோ ஒரு வடிவில் ஏற்கெனவே இருக்கின்றன. கணிதம், விஞ்ஞானம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எல்லாம் தனித்தனியாக நடக்கின்றன. பொறியியல் மட்டும் 6 முதல் 9 வரையான வகுப்புகளின் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் பாடத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. அந்தப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துவிடும் பள்ளிக்கூடங்களும் உண்டு. நாலும் சந்திக்கிற ஒரு வேலைதான் இல்லை. அதை உண்டாக்குவதைத்தான் ஸ்டெம் என்கிறோம்.

கணிதமும் விஞ்ஞானமும் யாழ்ப்பாணத்துக்குப் புதிதா? எங்கள் பிள்ளைகள் டொக்டர், எஞ்சினியர் ஆகிறார்கள்தானே?

ஆகிறார்கள். 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியிலேயே கணிதமும் வானியலும் படிப்பித்திருக்கிறார்கள். அந்தப் பெருமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒருமுறை, பௌதிகவியலில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த உயர்தர மாணவன் ஒருவனிடம், “பள்ளிக்கூடத்துக் கிணற்று மோட்டர் ஏன் இப்படிச் சூடாகிறது?” என்று கேட்டேன். “அது சிலபஸில் இல்லை, சேர்” என்றான். பகிடியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னான். ரியூசனில் கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தவன். ஓம் விதியை மோட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. நானும்தான் காட்டவில்லை.

இத்தனைக்கும் அவனுடைய அப்பா, அம்மாவின் தலைமுறை அதைச் செய்த தலைமுறை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் றேடியோச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயும் மெல்லிய திரியும் வைத்துப் படித்தோம். எது குறைவாக இருக்கிறது, என்ன கையில் இருக்கிறது, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று பார்த்து ஒன்றைச் செய்து, பிழைத்தால் திருத்துவதுதான் பொறியியல். அதை நாங்கள் கஷ்டத்தில் கற்றோம். பிள்ளைகள் கஷ்டம் இல்லாமலே கற்கட்டும்.

சரி, அதிபராக நான் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆய்வுகூட அலுமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதிபராகப் பொறுப்பேற்ற பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு அலுமாரியைத் திறந்தேன். உள்ளே நுணுக்குக்காட்டிகள் பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் இருந்தன. வில்லையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அம்பியர்மானிகள் பெட்டியோடு கிடந்தன. பொறுப்பாசிரியை நல்லவர், சோம்பேறியும் இல்லை. “உடைந்தால் நான்தானே சேர் பதில் சொல்ல வேண்டும்” என்றார். வருட முடிவில் பொருட் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வருவார்கள், பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்குப் பொருளைக் காட்ட வேண்டும். பாவிக்காத பொருள் உடையாது. அவருடைய கணக்கு சரியான கணக்கு. கணக்கை மாற்ற வேண்டியவன் நான்.

ஒரு உடைவுப் பதிவேடு போட்டோம். எந்தத் திகதி, எந்தப் பாடத்தில், எப்படி உடைந்தது என்று இரண்டு வரி, கீழே என் கையெழுத்து. சாதாரணப் பாவனையில் உடைவதற்கு ஆசிரியர் பொறுப்பில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் சொல்லி, கூட்ட அறிக்கையிலும் எழுதவைத்தேன். பிறகு இரண்டாவது சாவி ஒன்று வெட்டினோம். அந்தத் தவணையில் மூன்று முகவையும் ஒரு வெப்பமானியும் உடைந்தன. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெப்பமானி மட்டும் இரசம் உள்ளது, அதைக் கூட்டி அள்ளப் பட்ட பாடு வேறு கதை. இப்போது வாங்குவதானால் சாராய வெப்பமானியாகவே வாங்குங்கள்.

நேரசூசியில் எங்கே இடம்?

அதிபரின் கையில் உண்மையாகவே இருக்கிற ஒரே கருவி நேரசூசிதான். ஆகவே இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

40 நிமிடப் பாடவேளையில் ஒரு செயன்முறையை முடிக்க முடியாது. பிள்ளைகள் ஆய்வுகூடத்துக்கு நடந்து வர 5 நிமிடம், சாமானைப் பங்கிட 10 நிமிடம், திருப்பிக் கொடுக்க 5 நிமிடம். அளந்து முடித்ததும் மணி அடிக்கும். ஏன் அப்படி வந்தது என்று பேசத்தான் ஸ்டெம், அதற்கு நேரமே இருக்காது. ஆகவே ஒரு வகுப்பை மட்டும் எடுத்து, கிழமையில் ஒருநாள் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் அடுத்தடுத்து வையுங்கள். அது 80 நிமிடம். இரண்டு ஆசிரியரும் அந்த 80 நிமிடமும் வகுப்பில் நிற்கலாம், அல்லது ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்கலாம். பாடவேளை எண்ணிக்கை மாறவில்லை, பாடத்திட்டம் மாறவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத மாற்றம் இது.

அடுத்தது, அந்த இரண்டு ஆசிரியருக்கும் கிழமையில் ஒரு ஓய்வுப் பாடவேளை ஒன்றாக விழ வேண்டும். இது விழுந்தால் பாதி வேலை முடிந்தது. திட்டம், சண்டை, சமாதானம் எல்லாம் அந்த 40 நிமிடத்தில் நடக்கும். அந்தப் பாடவேளையில் மட்டும் அவர்களை ரிலீவுக்கு அனுப்பாதீர்கள். யாரோ லீவு என்றதும் பிரதி அதிபர் முதலில் தேடுவது ஓய்வாக இருப்பவர்களைத்தான். நேரசூசியில் அந்தக் கட்டத்தைச் சிவப்பால் அடைத்து வைத்தேன். இரண்டு கிழமை ஒழுங்காக நடந்தது. மூன்றாம் கிழமை நானே அவர்களை ரிலீவுக்கு அனுப்பினேன். அப்புறம்தான் புத்தி வந்தது.

எந்த வகுப்பில் தொடங்குவது? பரீட்சை கெடாதா? பெற்றோர் என்ன சொல்வார்கள்?

10, 11 இல் தொடங்க வேண்டாம். சாதாரணதரப் பரீட்சையை முன்னால் வைத்துக்கொண்டு பெற்றோரைச் சமாளிக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியவில்லை. 8 அல்லது 9 நல்லது. கேள்வி கேட்கிற வயது, பரீட்சைப் பயம் இன்னும் பிடிக்காத வயது.

பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு எப்படியும் புள்ளி போடத்தான் வேண்டும். செயற்றிட்டத்தையே கணிப்பீடாக எடுத்தால் ஆசிரியருக்கு மேலதிக வேலை இல்லை. பெற்றோர் கூட்டத்தில் ‘ஸ்டெம்’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள், “புதுசா என்னவோ தொடங்கிறாங்கள்” என்ற பயம்தான் மிஞ்சும். பிள்ளைகள் வரைந்த வரைபை முன்னால் வைத்து, அவர்களையே பேசவிடுங்கள்.

எந்தப் பிரச்சினையை எடுத்துச் செய்வது? இணையத்தில் உள்ளதெல்லாம் வெளிநாட்டுச் செயற்றிட்டங்களாக இருக்கின்றனவே?

பள்ளிக்கூடக் கிணற்றை எடுங்கள். நான் இதைத் தவிர வேறொன்றையும் முதலில் சொல்வதில்லை.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாற்றிலும் மழைக்காலத்தில்தான் தண்ணீர். கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு வில்லைபோல மிதக்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் வெங்காயத்துக்கும் இறைக்கிறோம். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் கதை சொல்வார்கள்.

இதில் கணிதம் எங்கே வருகிறது பாருங்கள். நன்னீரின் அடர்த்தியை 1000 என்று வைத்தால் கடல்நீர் ஏறக்குறைய 1025. கடல் மட்டத்துக்கு மேலே h உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே H ஆழம் வரை அது கடல்நீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்க அமுக்கமும் சமம்: 1000(H+h) = 1025H. தீர்த்தால் H = 40h. 9 ஆம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய சமன்பாடு. மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி. மோட்டர் போட்டு இறைத்து நீர்மட்டத்தை நிரந்தரமாக ஓரடி இறக்கினால், கீழிருந்து உப்புநீர் நாற்பதடி ஏறப் பார்க்கும். வெடிப்பும் குகையுமான எங்கள் கல்லில் கணக்கு இவ்வளவு ஒழுங்காக நடக்காது என்றும் சொல்லிக்கொடுங்கள், அதுவும் பாடம்தான். கரும்பலகையில் அந்த 40 வந்து விழுந்தபோது பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, “அப்ப எங்கட வீட்டுக் கிணறு உவர்த்தது இதாலையா?” என்று கேட்டாள். ஆசிரியர் வாயைத் திறக்க முதல் வகுப்பு பதில் சொல்லிவிட்டது.

செய்முறை எளிது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் ரிடிஎஸ் மீட்டர் ஒன்று, முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டிய ஒரு பாரம். மோட்டர் ஓட முதல் ஒரு அளவு, ஓடி முடிந்த பின் ஒரு அளவு. கிழமைக்கு இருமுறை நீர்மட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டம் ஏறுவதும் ஆவணியில் இறங்குவதும் பிள்ளைகளின் கையெழுத்திலேயே பதிவாகும். தகவல் தொழினுட்பப் பாடத்தில் அதே இலக்கங்களை எக்செல்லில் ஏற்றி வரைபாக்கலாம். பொறியியல் கடைசியில் வரட்டும்: கூரையில் விழும் மழைநீரைத் திரும்பக் கிணற்றுக்கு விட என்ன செய்யலாம், குழாய் எவ்வளவு அகலம், முதல் மழையின் அழுக்கை எப்படித் தடுப்பது?

ஒரு எச்சரிக்கை. உரமும் மலசலகூடக் குழிகளும் இருக்கிற மண்ணில் நைத்திரேற்றும் ஒரு பிரச்சினை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சோதனைத் தாள் வாங்கி அளக்கலாம். ஆனால் அயல்வீட்டுக் கிணற்றை அளந்துவிட்டு, “உங்கட தண்ணி நஞ்சு” என்று பிள்ளைகள் போய்ச் சொன்னால் ஊரில் பெரிய கரைச்சல். சோதனைத் தாள் சந்தேகத்தை மட்டுமே காட்டும். சந்தேகம் வந்தால் அதிபர் ஊடாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், முறையான ஆய்வுகூடத்தில் பார்க்கட்டும். சுன்னாகப் பக்கத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை எவ்வளவு பதற்றத்தைக் கிளப்பியது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

கிணறு தவிர?

தை மாதம் என்றால் பட்டம். வல்வெட்டித்துறைக்காரருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முச்சைக் கயிற்றை எந்தக் கோணத்தில் கட்டுவது, வால் எவ்வளவு நீளம், பட்டத்தில் கட்டுகிற விண் காற்றில் ஏன் கூவுகிறது என்று ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்த்துக் குறிக்கலாம். விண்ணின் அதிர்வெண்ணைக் கைபேசிச் செயலியாலேயே அளக்கலாம். பனை, உப்பளம், பள்ளிக்கூடக் கூரையில் சூரியப்படல் என்று இன்னும் எத்தனையோ உண்டு.

ரோபோ வாங்கலாமா?

முதல் வருடம் வேண்டாம். பெட்டிக்குள் இருந்து வரும் ரோபோவைப் பிள்ளைகள் அறிவுறுத்தல் பார்த்துப் பொருத்துவார்கள், கண்காட்சியில் அது ஓடும், பற்றரி இறங்கும், அலுமாரிக்குள் போகும். கிணற்றை அளந்து சலித்த பிள்ளை, “ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்காமல் இது தானாக அளக்காதா சேர்?” என்று கேட்கும். அன்றைக்கு அர்டுயினோ என்கிற, நிரல் எழுதி இயக்கக்கூடிய சின்ன மின்சுற்றுப் பலகை ஒன்றும் நீர்மட்ட உணரியும் வாங்குங்கள்.

பணம்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் வேண்டும். தர உள்ளீட்டு நிதியிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் சமாளிக்கலாம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் கேட்டால் மனமுவந்து தருவார்கள். ஆனால் பெயர்ப்பலகை போடக்கூடிய பெரிய சாமானாகத் தரத்தான் அவர்களுக்கு விருப்பம். வயர், பற்றரி, சோதனைத் தாள், சாராய வெப்பமானி என்று முடிந்துபோகிற, உடைந்துபோகிற சாமான்களுக்கு வருடா வருடம் ஒரு சிறு தொகை கேட்டுப் பாருங்கள். ஒரு பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கடைசி வரிசையில் இருந்த ஒருவர் பொறுப்பெடுத்தார்.

எங்கள் ஆசிரியர்கள் வரமாட்டார்கள். என்ன செய்வது?

எல்லோரும் வரத் தேவையில்லை, இரண்டு பேர் போதும். மறுப்பவர்கள் பெரும்பாலும் வகுப்பில் “தெரியாது” என்று சொல்ல நேர்ந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். கிணற்றுக்கு விடை வழிகாட்டி கிடையாது, ஆசிரியருக்கும் தெரியாமல் இருக்கலாம். அதை முதலில் அதிபர் செய்து காட்டலாம்: வகுப்புக்குப் போய் உட்கார்ந்து, தெரியாததைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒருநாள் பயிற்சிப் பட்டறைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கும்.

எங்களுடையது 1சி பாடசாலை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவே இல்லை. எங்களுக்கு இது எதற்கு?

உங்களுக்குத்தான் கூடத் தேவை. 9 ஆம் வகுப்பில் கிணற்றை அளந்த பிள்ளைக்கு விஞ்ஞானம் தன்னுடையது என்று தோன்றும், பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் போகட்டும். அதோடு 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்த பிறகு வழி இன்னும் அகன்றிருக்கிறது. பொறியியல் தொழினுட்பம் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பம், அதோடு தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம். யாழ் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், பொறியியல் பீடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. “கணிதம் வராதவைக்குத்தான் தொழினுட்பம்” என்று ஆசிரியர் ஓய்வறையில் பேசுவதை மட்டும் நிறுத்துங்கள். பிள்ளைகளின் காதுக்கு அது எப்படியும் போய்ச் சேரும்.

தீவகத்தில் ஆசிரியரே இல்லை…

தெரியும். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் இருந்து படகில் போய்வருகிற ஆசிரியரிடம் மேலதிகமாக எதையும் கேட்க எனக்கு வாய் வராது. கணிதமும் விஞ்ஞானமும் ஒருவரே எடுக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒரு வசதி உண்டு: இரண்டு ஆசிரியரைச் சேர்க்கிற பாடு இல்லை. 80 நிமிடம் தானாகவே கிடைக்கிறது. கடல், காற்று, உவர்க்கிணறு எல்லாம் வாசலில் நிற்கின்றன.

பெண்பிள்ளைகளுக்கு?

கலவன் பள்ளிக்கூடத்தில் ஒரு குழுவைப் பத்து நிமிடம் பேசாமல் பாருங்கள். மீட்டர் பையனின் கையில் இருக்கும், கொப்பி பெண்பிள்ளையின் கையில் இருக்கும். அவளுடைய கையெழுத்து வடிவாம். கருவி யாரிடம், குறிப்பு யாரிடம் என்று ஒவ்வொரு கிழமையும் மாற்றுங்கள். உபதேசம் தேவையில்லை.

ஆங்கிலம் வேண்டாமா? தமிழில் இதைச் செய்ய முடியுமா?

1847 இல் வந்து மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், பின்னாளில் அதைத் தமிழிலேயே படிப்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். மனித உடலைத் தமிழில் படிப்பிக்க முடிந்த ஊரில் கிணற்றை அளக்க முடியாதா? பேச்சும் யோசனையும் தமிழில் நடக்கட்டும். வரைபின் அச்சுகளுக்கு ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் எழுதப் பழக்குங்கள், பல்கலைக்கழகத்தில் உதவும்.

வெளியில் யாரிடம் உதவி கேட்கலாம்?

திருநெல்வேலியில் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம், கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம், கணினி என்றால் யாழ் ஐரி ஹப். முறையாகக் கடிதம் எழுதினால் ஆள் வரும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட மோட்டர் திருத்துகிற கராஜ் ஒன்று இருக்குமே, அவரை மறந்துவிடாதீர்கள். எங்கள் மோட்டரின் சூட்டுக்குக் காரணம் சொன்னவர் அவர்தான்: வயர் மெல்லிசு, தூரம் கூட. பிள்ளைகள் அப்புறம் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சரியாக வந்தது.

கண்காட்சி வைக்க வேண்டுமா?

வைக்கலாம், வருட முடிவில். அப்பா செய்த றெஜிபோம் எரிமலை வேண்டாம். சரிவராமல் போன ஒரு முயற்சியாவது ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும் என்று விதி போடுங்கள். பிரதம விருந்தினர் முகத்தைச் சுளிப்பார், பரவாயில்லை.

நான் அடுத்த வருடம் இடமாற்றமாகிப் போனால் எல்லாம் நின்றுவிடுமே?

நின்றுவிடலாம். நான் போன பிறகு எனது பள்ளிக்கூடங்களில் ஒன்றில் நின்றது. அலுமாரியும் திரும்பப் பூட்டுப்பட்டது என்று கேள்விப்பட்டேன். இன்னொன்றில் நிற்கவில்லை. அங்கே கிணற்றடியில், மோட்டர் அறையின் கதவுக்கு உள்பக்கமாக, ஆணியில் ஒரு சி.ஆர். கொப்பி தொங்கும். போன மாசி மாதம் வேறு அலுவலாகப் போனபோது திறந்து பார்த்தேன். நான் கண்டிராத கையெழுத்தில், திங்கட்கிழமை, காலை 7.40, நீர்மட்டம் என்று எழுதியிருந்தது. புதிய அதிபருக்கு அப்படி ஒரு கொப்பி இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.